இசையரங்கில் எங்கே உட்காரலாம்? ஆறு இடங்கள், ஓர் ஒப்பீடு

பெரிய நகரங்களின் புதிய இசையரங்குகளுக்கு முதன்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இருக்கை வரைபடத்தில் ஐந்தாறு நிறங்கள் தெரிகின்றன, எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது? கையில் பணம் இருப்பவர்கள் விலை கூடியதை வாங்கிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். மற்றவர்கள் மலிவானதை வாங்கிவிட்டு, எதையோ இழக்கப்போகிறோம் என்ற குறையோடு உள்ளே போகிறார்கள்.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மேடைக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நடுவில் என்பதை வைத்தே பெரும்பாலும் விலை அமைகிறது. காதுக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு அருமையாக இருக்கும் இருக்கை, மறுநாள் அதே அரங்கில் வேறொரு நிகழ்ச்சிக்கு வீணாகிவிடும். ஆகவே அன்றைக்கு மேடையில் ஏறப்போவது என்ன என்பதைப் பார்த்த பிறகுதான் வரைபடத்தைத் திறக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒலி. மேடையில் ஒரு வயலின் ஒலித்தால் அது நம்மிடம் இரண்டு வழியாக வருகிறது. நேராக வருவது ஒன்று. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, சற்றுப் பிந்தி வருவது இன்னொன்று. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்து மீட்டர் சுற்றி வந்தால் ஏறத்தாழ 30 மில்லிநொடி தாமதம். ஏறக்குறைய 80 மில்லிநொடிக்குள் வந்து சேரும் பிரதிபலிப்புகளைக் காது தனியாகப் பிரிப்பதில்லை. நேர் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. இசை பலமாகவும் தெளிவாகவும் கேட்பது இதனால்தான். அதற்கும் பிந்தி வருபவை அரங்கை நிறைக்கும் முழக்கமாகின்றன. சிம்பொனிக்கென்று கட்டிய அரங்குகளில் அந்த முழக்கம் அடங்கச் சுமார் இரண்டு நொடி ஆகும். நாம் உட்காரும் இடம் மாறினால் நேர் ஒலி, உடனே வரும் பிரதிபலிப்பு, முழக்கம் ஆகிய இந்த மூன்றின் கலவையும் மாறுகிறது. தெளிவு வேண்டுமா, நிறைவு வேண்டுமா என்பதே ஒலியைப் பொறுத்தவரை உண்மையான தேர்வு.

காட்சி. யாருடைய கையைப் பார்க்க விரும்புகிறோம், யாருடைய முகத்தை, மேடை முழுவதையுமா?

நிகழ்ச்சியின் வகை. ஒலிபெருக்கி இல்லாத ஆர்கெஸ்ட்ராவா, தனிப்பாடகரா, நடனமா, ஒலிபெருக்கியோடு நடக்கும் ஜாஸ் மாலையா?

நம் உடல். முழங்கால், உயரத்தைக் கண்டால் வரும் தலைசுற்றல், செவித்திறன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிக்கெட்டில் அச்சிடப்படாத செலவுகளில் பாதி இங்கேதான் வருகிறது.

## அரங்கின் வடிவம் முதலில்

நல்ல இசையரங்குகளைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடக்கிவிடலாம். ஒன்று காலணிப் பெட்டி வடிவம்: நீண்ட, குறுகிய, உயரமான செவ்வக அறை, ஒரு கோடியில் மேடை. 1870இல் திறந்த வியன்னா மியூசிக்ஃபெராயின் அரங்கும், 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கும் இவ்வகை. பாஸ்டன் அரங்குக்கு ஒலியியல் ஆலோசனை சொன்னவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர். முழக்க நேரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை உருவாக்கியவர் அவர்தான்.

மற்றொன்று திராட்சைத் தோட்ட வடிவம்: மேடை ஏறத்தாழ நடுவில் இருக்க, சுற்றிலும் படிப்படியான தளங்களில் கேட்பவர்கள் உட்காருவார்கள். ஹான்ஸ் ஷாரூன் வடிவமைத்து 1963இல் திறந்த பெர்லின் ஃபில்ஹார்மனி இதற்கு வழிகாட்டி. டோக்கியோவின் சன்டோரி அரங்கு (1986, 2006 இருக்கைகள்), லாஸ் ஏஞ்சலஸின் வால்ட் டிஸ்னி அரங்கு (2003), ஹாம்பர்க்கின் எல்ப்ஃபில்ஹார்மனி (2017, சுமார் 2,100 இருக்கைகள்) எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை. எல்ப்ஃபில்ஹார்மனியில் எந்த இருக்கையும் இசை நடத்துநரிடமிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை.

பெட்டி வடிவ அரங்கில் ஒலி ஒரு திசையிலிருந்து வந்து பக்கச் சுவர்களால் நிறைகிறது. அங்கே பக்கவாட்டு இருக்கைகளில் காட்சி பாதிக்கப்படும். தோட்ட வடிவில் காட்சி கிட்டத்தட்ட எல்லோருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் மேடையின் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்து ஒலி பெரிதும் மாறும். கீழே சொல்லப்போகும் ஆறு இடங்களையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

## மேடையை ஒட்டிய முன்வரிசைகள்

பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்வரிசை வேண்டாம். மேடை நம் மார்பு உயரத்தில் இருக்கும். முதல் வயலின்காரர்களின் காலணிகளும் செல்லோவின் ஊன்றுமுனையும் தெரியும். பின்னால் இருக்கும் குழல் கருவிகளும் தாளக் கருவிகளும் கண்ணில் படமாட்டா. அவற்றின் ஒலி தலைக்கு மேலே கடந்து போய்விட, எதிரே இருக்கும் நாலைந்து வயலின்கள்தான் தனித்தனியாகக் காதில் விழும். எழுபது எண்பது பேர் வாசிக்கும் இசையில் ஐந்து பேரை மட்டும் கேட்டுவிட்டு வருவதற்கு அவ்வளவு விலை தரக் கூடாது.

ஆனால் நால்வர் குழு, தனி கிதார், தனி செல்லோ என்றால் எல்லாம் தலைகீழ். வில் நரம்பில் பதியும் அந்த முதல் உரசல், வாசிப்பவர் மூச்சை இழுத்துத் தொடங்கும் சத்தம், நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை எல்லாம் இங்கேதான் கிடைக்கும். இரண்டாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் நால்வர் குழுவைக் கேட்பதானால் முதல் ஆறு ஏழு வரிசைகளுக்குள் இடம் பிடியுங்கள்.

நடனத்துக்கு முன்வரிசை நல்லதல்ல. மேடை விளிம்பு ஆடுபவரின் பாதத்தை மறைத்துவிடும். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும் நிகழ்ச்சியானால் கழுத்து வலியும் கூடவே வரும்.

## கீழ்த்தளத்தின் நடுப்பகுதி

பெரும்பாலும் விலை அதிகமான இடம். அதற்கு நியாயமும் இருக்கிறது: கருவிகளின் சமநிலை இங்கே நன்றாக இருக்கும், பாடகரின் முகம் தெரியும், சொல் தெளிவாகக் கேட்கும். தனிப்பாடல் மாலைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மறைந்திருக்கும் குறைகள் மூன்று. முதலாவது, பல அரங்குகளில் கீழ்த்தளம் போதிய சரிவு இல்லாமல் கிட்டத்தட்ட சமதரையாக இருக்கும். முன்னால் உயரமான ஒருவர் உட்கார்ந்துவிட்டால் கொடுத்த விலை அவருடைய தோள்பட்டைக்கே போய்விடும்.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. ஒலி, வரிசை வரிசையான இருக்கைகளின் மேல் தாழ்வாக உரசிக்கொண்டு வரும்போது அதன் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடுகின்றன. 1960களில் ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். 150 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இழப்பு அதிகம். செல்லோவும் டபுள் பாஸும் எதிர்பார்த்த ஆழத்தோடு கேட்கவில்லையே என்று கீழ்த்தளத்தில் தோன்றினால் அது காதின் குறையல்ல. நல்ல அரங்குகள் கூரையிலிருந்து வரும் பிரதிபலிப்பால் இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

அந்தக் கூரையே மறைந்துபோவது மூன்றாவது குறை. கீழ்த்தளத்தின் பின்வரிசைகளுக்கு மேல் மாடம், அதாவது மேல்தள இருக்கைப் பகுதி, நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் போய் உட்கார்ந்தால் அரங்கின் முழக்கம் நம்மை எட்டாது. பக்கத்து அறையில் வாசிப்பதைத் திறந்த கதவு வழியாகக் கேட்பதுபோல் இருக்கும். மாடம் பின்னோக்கி எவ்வளவு ஆழமோ, அதன் திறப்பு குறைந்தது அவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பது ஒலியியலாளர்களின் பொது விதி. நமக்கு எளிய சோதனை ஒன்று போதும்: அந்த இருக்கையிலிருந்து நிமிர்ந்தால் அரங்கின் பெரிய கூரை தெரிகிறதா, மாடத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிகிறதா? இரண்டாவது என்றால் அதே விலைக்கு மேலே போய்விடுங்கள்.

## முதல் மாடத்தின் முன்பகுதி

ஆர்கெஸ்ட்ராவை முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் இது. கருவிக் குழுக்கள் அனைத்தும் வரைபடம்போல் கண்முன் விரியும். ஒரு மெட்டு ஓபோ என்ற குழலில் தொடங்கி கிளாரினெட்டுக்கு மாறி வயலின்களிடம் போய்ச் சேர்வதைக் காதால் பிடிக்கத் திணறும்போது கண் உதவிக்கு வரும். இசை தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நடனத்துக்கும் இதுவே சிறந்த இடம்: பாதங்களும் தெரியும், தரையில் ஆடுபவர்கள் போடும் கோலமும் தெரியும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மாடத்தின் முதல் வரிசைக்கு முன்னால் பாதுகாப்புக் கம்பி இருக்கும். குட்டையானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது நேராகக் கண்மட்டத்தில் வந்து மேடையை இரண்டாக வெட்டும். கால் நீட்டவும் இடம் குறைவு. இரண்டாம், மூன்றாம் வரிசை பெரும்பாலும் முதல் வரிசையைவிட வசதி.

## மேல்மாடம்

மேடையில் இருப்பவர்கள் விரல்கடை அளவில் தெரிவார்கள். ஆனால் பல பெட்டி வடிவ அரங்குகளில் ஒலி இங்கே வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருக்கும். கூரை அருகில் இருப்பதால் பிரதிபலிப்புகள் விரைவாகவும் நிறைவாகவும் வந்து சேர்கின்றன. நரம்பும் குழலும் கலந்து ஒன்றாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களும், வாரம் தவறாமல் வருகிறவர்களும் தேடிப்போகும் இடம் இது. மலிவு என்பதால் ஒரு நல்ல இருக்கையின் விலைக்கு இரண்டு மாலைகள் கிடைக்கும். பழக்கமே காதைக் கூர்மையாக்கும் என்பதால் இரண்டு மாலைகளுக்குத்தான் என் வாக்கு.

விலையில் சேராத செலவு படிக்கட்டு. செங்குத்தான சரிவில் இறங்கி இருக்கையைத் தேட வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இடைவேளையில் கீழே இறங்கி, கழிவறை வரிசையில் நின்று, மறுபடி ஏறுவதற்குள் மணி அடித்துவிடும். தனிப்பாடகரின் மெல்லிய குரலுக்கும் பேச்சுக்கும் நாடகத்துக்கும் மேல்மாடம் ஏற்றதல்ல.

## பக்கவாட்டு மாடங்கள்

பெட்டி வடிவ அரங்கில் இவற்றைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். இருக்கை எதிர்ச் சுவரைப் பார்த்திருக்கும். மாலை முழுவதும் கழுத்தைத் திருப்பியே இருக்க வேண்டும், நம் பக்கத்து மேடைப்பாதி தெரியாது. முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். "பார்வைத் தடை உண்டு" என்ற குறிப்போடு விற்கும் இருக்கைகளில் பல இங்கேதான் இருக்கும்.

தோட்ட வடிவ அரங்கில் நிலைமை வேறு. மேடையின் பக்கவாட்டில் இருந்து இசை நடத்துநரின் முகத்தைச் சாய்வாகப் பார்க்கலாம், கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடு இருக்கையைவிட விலையும் குறைவு. பியானோ மாலைக்கு மட்டும் பக்கத்தைக் கவனித்து வாங்குங்கள்: பியானோவின் மூடி வாசிப்பவரின் வலப்பக்கம் திறக்கும், அவர் மேடையில் நமக்கு இடப்பக்கமாக உட்கார்ந்திருப்பார். மேடையை நோக்கி உட்காரும் நமக்கு இடப்புறம் இருந்தால்தான் விரல்கள் தெரியும். அந்தப் பக்கத்து இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடும்.

## மேடைக்குப் பின்னால்

புதிய அரங்குகளின் தனிக்கொடை என்றே இதைச் சொல்வேன். கூட்டுப் பாடகர் குழுவுக்கென்று வைத்த இருக்கைகள் இவை. குழு வராத நாட்களில் பல அரங்குகள் பொதுமக்களுக்கு விற்கின்றன, பெரும்பாலும் மலிவாக. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கு, சிட்னி ஓபரா ஹவுஸின் இசையரங்கு, பெர்லின் ஃபில்ஹார்மனி என்று பல இடங்களில் உண்டு.

இங்கே இருந்து பார்த்தால் இசை நடத்துநர் நம்மை நோக்கித்தான் நிற்கிறார். அரங்கின் முன்பாதி காண்பதெல்லாம் அவருடைய முதுகு. நாம் காண்பது அவர் புருவம் உயர்வதையும், டிம்பனி என்ற பெரிய கிண்ண முரசை வாசிப்பவருக்குச் சற்று முன்பே ஒரு பார்வையால் எச்சரிக்கை தருவதையும், வயலின்களை இடக்கையால் அமர்த்துவதையும். டிம்பனிக்காரர் வாசிக்காத நேரத்தில் தோலின் மேல் காதை வைத்துச் சுருதி சரிபார்ப்பதும் தெரியும். இசை உருவாகும் இடத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு வேறெங்கும் வராது.

விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் ஒலி. தாளக் கருவிகள் காதருகில் இடிக்கும். பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்னோக்கித் திரும்பியிருப்பதால் அது நேராக நம்மிடம் வரும். வயலின்களின் மேல்சுர மினுமினுப்பு முன்பக்கத்துக்கே போய்விடும். பலத்த சிம்பொனியில் இந்தச் சமநிலைக் குலைவை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். வழக்கமாக அடியில் புதைந்து கிடக்கும் கருவிகளின் வரிகள் இங்கே மேலே வந்து நிற்கும்.

பாடகர் இருக்கும் நாளில் மட்டும் இங்கே வராதீர்கள். மனிதக் குரலின் தாழ்ந்த அதிர்வுகள் எல்லாத் திசையிலும் பரவும், உயர்ந்த அதிர்வுகள் பாடுபவரின் முகம் நோக்கும் திசையில்தான் போகும். பின்னால் இருப்பவருக்கு உயிரோசை வந்து சேரும். க், ச், த் போன்ற மெய்யோசைகள் மழுங்கிவிடும். பாட்டு இருக்கும், சொல் இருக்காது. 2019 ஜனவரியில் எல்ப்ஃபில்ஹார்மனியில் புகழ்பெற்ற டெனர் பாடகர் யோனாஸ் கௌஃப்மன் இசையமைப்பாளர் மாலரின் படைப்பைப் பாடியபோது, காதில் விழவில்லை என்று கேட்பவர்களில் சிலர் கச்சேரி நடுவிலேயே குரல் எழுப்பினார்கள். அந்த அரங்கின் ஒலியியலை வடிவமைத்த யாசுஹிசா டொயோட்டா துறையில் முதன்மையானவர். அப்படிப்பட்ட அரங்கிலும் குரலின் திசையை மாற்ற முடியாது.

இன்னொரு செலவும் உண்டு: அரங்கம் முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருமல், கொட்டாவி, செல்பேசி வெளிச்சம் எதையும் மறைக்க முடியாது. நடுவில் எழுந்து போகவும் முடியாது.

## ஒரே பார்வையில்

| இடம் | ஒலி | காட்சி | மறைந்த செலவு | ஏற்ற நிகழ்ச்சி |
|---|---|---|---|---|
| முன்வரிசைகள் | நெருக்கம், சமநிலை குறைவு | முன்னால் இருப்பவர் மட்டும் | கழுத்து வலி | நால்வர் குழு, தனிக் கருவி |
| கீழ்த்தள நடு | தெளிவு, கீழ்ச்சுரம் சற்று மெலிவு | நேர்ப் பார்வை | விலை, முன்னிருப்பவர் தலை | தனிப்பாடல் |
| முதல் மாட முன்பகுதி | தெளிவும் நிறைவும் | மேடை முழுவதும் | கம்பி, கால் இடம் | முதல் ஆர்கெஸ்ட்ரா, நடனம் |
| மேல்மாடம் | நிறைவான கலவை | சிறிது | படிக்கட்டு, நேரம் | பெரிய சிம்பொனி |
| பக்கவாட்டு மாடம் | அரங்குக்கு அரங்கு மாறும் | பாதி மேடை (பெட்டி வடிவம்) | திரும்பிய கழுத்து | தோட்ட வடிவில் ஆர்கெஸ்ட்ரா, இடப்புறம் பியானோ |
| மேடைக்குப் பின் | தாளமும் ஹார்னும் ஓங்கும் | நடத்துநரின் முகம் | எல்லோர் கண்ணும் நம் மேல் | பாடகர் இல்லாத ஆர்கெஸ்ட்ரா |

## ஒலிபெருக்கி இருந்தால்

மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். ஒலி இப்போது மேடையிலிருந்து வருவதில்லை. இரு பக்கமும் தொங்கும் ஒலிபெருக்கி வரிசைகளிலிருந்து வருகிறது. அவை முன்னோக்கியே திருப்பப்பட்டிருக்கும். மேடைக்குப் பின்னாலும் ஓரங்களிலும் குழம்பிய ஒலிதான் கிடைக்கும். ஒலிக்கலவை செய்பவரின் மேசை எங்கே என்று பார்த்து, அதன் அருகிலோ அதே நேர்க்கோட்டிலோ இடம் வாங்குங்கள். அவர் தம் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்.

சிம்பொனிக்கு வரமாக இருக்கும் இரண்டு நொடி முழக்கம், டிரம்ஸும் பேஸ் கிதாரும் ஓங்கும் இசைக்குச் சாபம். அதனால்தான் புதிய அரங்குகள் பல, சுவரை மூடும் கனத்த திரைகளையும் ஏற்றி இறக்கும் மேற்கூரைத் தகடுகளையும் வைத்திருக்கின்றன. 2002இல் திறந்த சிங்கப்பூர் எஸ்பிளனேட் இசையரங்கில் மேடைக்கு மேலே நகரும் விதானமும், திறந்து மூடும் எதிரொலி அறைகளும் உண்டு. வெள்ளித்திரையோடு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் நிகழ்ச்சிக்கு, மேடைக்குப் பின்னால் இடம் விற்றால்கூட வாங்காதீர்கள்; திரையின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

## பணம் கட்டும் முன்

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் முதலில் டிக்கெட் இல்லாமல் போய்ப் பாருங்கள். பெரிய கலையரங்குகள் பல, முன்கூடத்திலும் வெளிமேடையிலும் இலவச நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. எஸ்பிளனேட்டின் நீர்க்கரை வெளிமேடையும் பெர்லின் ஃபில்ஹார்மனியின் மதியக் கச்சேரிகளும் அப்படி நடப்பவை. பகல்நேரச் சுற்றுலாவில் சேர்ந்தால் அரங்குக்குள்ளேயே போய் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒத்திகை நடந்தால் அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

காதுக்கருவி அணிபவர்கள் டிக்கெட் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பது நல்லது. கருவிக்கு நேராக ஒலி அனுப்பும் காந்தவளைய வசதி எல்லா இருக்கைகளுக்கும் எட்டுவதில்லை. எந்த வரிசைகளுக்கு எட்டும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், வரைபடத்தில் இருக்காது. சக்கர நாற்காலி இடங்களும் துணைக்கு வருபவரின் இருக்கையும் சில அரங்குகளில் தனியாகத்தான் பதிவாகும்.

தாமதமாக வர வாய்ப்பிருந்தால் வரிசையின் ஓரத்தில் வாங்குங்கள். ஒரு படைப்பு தொடங்கிவிட்டால் கதவு மூடப்படும். அது முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். இடைவேளையே இல்லாமல் எண்பது நிமிடம் ஓடும் சிம்பொனிகள் உண்டு, அந்த நாளில் பத்து நிமிடத் தாமதம் மாலை முழுவதையும் விழுங்கிவிடும். நிகழ்ச்சிக் குறிப்பில் "இடைவேளை இல்லை" என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.